கிழக்குக் கடற்கரைக்கு எந்த மாதம் வருவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பு மாவட்டத்துப் பாசிக்குடாப் பக்கம் ஒருவர் குடியிருந்தால் போதும், வெளியூரில் இருக்கிற சொந்தபந்தம் முழுக்கக் கடல் எப்படி என்று அவரிடம்தான் கேட்கும். ரிக்கெட் போட முதல் கேட்பவர்கள் கொஞ்சப் பேர், போட்ட பிறகு கேட்பவர்கள்தான் கூட. அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் பாசிக்குடா, கல்குடா பற்றியவை. அம்பாறை மாவட்டத்து அறுகம்பை பற்றியும் சில உண்டு.

"சுத்தி வளைக்காம சொல்லுங்க. எந்த மாதம் நல்லம்?"

கடலில் குளிக்க வருவதென்றால் மார்ச் நடுப்பகுதியிலிருந்து செப்டெம்பர் முடியும் வரை. அறுகம்பையில் அலைச்சறுக்கு என்றால் மே முதல் செப்டெம்பர் வரை. நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்றும் கடலுக்கு ஆகாத மாதங்கள். பெப்ரவரியும் ஒக்டோபரும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தவை.

"ஸ்ரீலங்காவுக்கு டிசம்பர்தானே சீசன்? இன்டர்நெட்டில எல்லாரும் அப்படித்தானே போட்டிருக்கு?"

அது தெற்குக் கரையின் ஹிக்கடுவை, உணவட்டுன, மிரிஸ்ஸ பக்கத்துச் சீசன். அதை வாசித்துவிட்டு இங்கே வந்து ஹோட்டல் ஜன்னலால் மழை பார்த்துப் போனவர்கள் நிறையப் பேர். இலங்கை சின்ன நாடுதான், ஆனால் நடுவில் மலைநாடு நிற்கிறது. மே தொடங்கித் தென்மேற்கிலிருந்து வரும் மழைக்காற்று காலி, கொழும்பு, இரத்தினபுரிப் பக்கம் கொட்டி, மலையில் மோதி மிச்சத்தையும் விட்டுவிட்டு, வெறும் காற்றாகத்தான் எங்கள் பக்கம் இறங்குகிறது. டிசம்பரில் கதை தலைகீழ். வாடைக்காற்று வங்காள விரிகுடாவின் ஈரத்தை அள்ளிக்கொண்டு நேரே எங்கள் கரையில் ஏறும். மேற்கும் தெற்கும் அப்போது வெயில் காயும்.

மட்டக்களப்பில் வருடத்துக்கு 1,700 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதத்துக்குள் வந்துவிடும். ஜூன் மாதத்தில் வானம் ஒரு துளி தந்தாலே பெரிய காரியம்.

"பெப்ரவரியில மழை விட்டிடும்தானே? அப்ப வந்தா என்ன?"

மழை பெரும்பாலும் விட்டிருக்கும், கடல் விட்டிருக்காது. மாரியில் மட்டக்களப்பு வாவி நிரம்பினால், அது கடலோடு சேருகிற, கோடையில் மணல் அடைத்துக் கிடந்த முகத்துவாரம் உடையும், அல்லது வெள்ளம் ஊருக்குள் ஏறாமலிருக்க வெட்டிவிடுவார்கள். ஆற்றுவாய் வெட்டினால் வயல் தண்ணீர், சேறு, ஆற்றுவாழை, தடி தண்டு எல்லாம் கடலுக்குள் போகும். கல்லடிக் கரையில் நின்று பார்த்தால் தேத்தண்ணி நிறத்தில் ஒரு பட்டை, அதற்கு அப்பால்தான் நீலம். அது தெளிந்து வர நாளெடுக்கும்.

இன்னொன்று, மாரி நாட்காட்டி பார்த்து முடிவதில்லை. 2011இல் மட்டக்களப்பையும் அம்பாறையையும் மூழ்கடித்த வெள்ளம் ஜனவரியில் வந்தது. அது வடியும் முன்னே பெப்ரவரியிலும் ஒருமுறை வந்தது. ஆகவே பெப்ரவரி நடுப்பகுதிக்கு முதல் வருவதானால் வயல் பார்க்க, உறவு பார்க்க வருகிறோம் என்று வாருங்கள். கடல் கிடைத்தால் மேலதிகம். மாத முடிவில் வந்தால் நிலைமை பரவாயில்லை, பெரும்போக நெல் அறுவடையும் தொடங்கியிருக்கும்.

"எங்களுக்கு டிசம்பர் கடைசியிலதான் லீவு. சித்தப்பா, வந்தா வீணா?"

லண்டனிலிருந்தும் ரொறொன்ரோவிலிருந்தும் வருடா வருடம் வருகிற கேள்வி இது. வீணில்லை மகள். ஆனால் பாசிக்குடாவில் ஐந்து நாள் ரூம் போடாதீர்கள். மட்டக்களப்பு டவுனில் அல்லது சொந்தக்காரர் வீட்டில் நில்லுங்கள். வாடை மழை நாள் முழுக்க ஒரே சீராகப் பெய்வது குறைவு. இரவும் விடியற்காலையும் அடித்து ஊற்றிவிட்டு, மத்தியானம் வெளிச்சம் காட்டுகிற நாட்களும் வரும். அந்த இடைவெளியில் வெளியே போகலாம். வெளிகள் எல்லாம் பச்சைப் பசேலென்று இருக்கும், குளங்கள் நிரம்பி வான் பாயும், வாவியில் இறால் படும். கடலை மட்டும் கரையில் நின்று பாருங்கள், இறங்க வேண்டாம்.

டிசம்பர் 26 இங்கே கொண்டாட்ட நாள் இல்லை. 2004 சுனாமியில் கல்லடி, நாவலடி, திருச்செந்தூர் தொடங்கி அம்பாறைக் கரை முழுவதும் ஆட்களைப் பறிகொடுத்த குடும்பங்கள் அன்று காலை விளக்கேற்ற வரும். நத்தார் விடுமுறைக்கு வந்த வெளியூர்ப் பிள்ளைகள் அன்று கரையில் பாட்டுப் போட்டு ஆடுவதைப் பார்க்க எங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். தெரியாமல் செய்கிறார்கள், அதனால் சொல்லி வைக்கிறேன்.

"மாரியில சூறாவளி கீறாவளி வருமா?"

ஒவ்வொரு வருடமும் வராது. ஆனால் வருகிற காலம் அதுதான். ஒக்டோபர் முடிவிலிருந்து டிசம்பர் வரை வங்கக் கடலில் தாழமுக்கங்கள் உருவாகும். பெரும்பாலானவை இந்தியப் பக்கம் போய்விடும், சில எங்கள் பக்கம் திரும்பும். 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பை அடித்த சூறாவளியை வைத்துத்தான் இன்றும் பழைய ஆட்கள் வயது கணக்குப் பார்க்கிறார்கள். "சூறாவளிக்கு முதல் பிறந்தவன்" என்பார்கள்.

அந்த மாதங்களில் வருவதானால் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பரப்பு அறிவித்தலைக் கேளுங்கள். வானொலியில் "திருகோணமலையிலிருந்து மட்டக்களப்பு ஊடாகப் பொத்துவில் வரையான கடற்பரப்பு" என்று சொல்லத் தொடங்கினால் அது நமக்குத்தான். மீனவரைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொன்ன நாளில் உங்களுக்கும் கடலில் வேலையில்லை.

"ஜூலை, ஓகஸ்ட்ல வந்தா வெயில் தாங்கேலாது எண்டு அம்மா பயப்படுறா. உண்மையோ?"

அம்மா சொல்வது உண்மை. வெயிலை விடக் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்றுத்தான் ஆளைப் போட்டு வாட்டும். மலையைத் தாண்டி வருகிற அந்தக் காற்றில் ஈரமே இருக்காது. பகல் பதினொரு மணிக்கு மேல் றோட்டில் நின்றால் உதடு காயும், கண் எரியும். கயிற்றில் போட்ட உடுப்பு அரை மணித்தியாலத்தில் மொறமொறவென்று காய்ந்திருக்கும். வெப்பம் 33, 34 பாகைக்குக் குறையாது.

ஆனால் அதே கச்சான்தான் கடலைத் தட்டையாக வைத்திருக்கிறது. காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் அலை எழும்பாது, தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்து கிடக்கும். ஆகவே நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். விடிய ஐந்தரைக்கே வெளிச்சம் வந்துவிடும். ஆறிலிருந்து ஒன்பது வரை கடல், பகலில் சாப்பாடும் நித்திரையும், நாலரைக்குப் பிறகு திரும்பவும் கடல். அம்மாவுக்கு இளநீர் வாங்கிக் கொடுங்கள்.

அந்தக் காலத்துக்கென்று ஒரு பழமும் உண்டு. கச்சான் தொடங்கினால் பாலைப்பழம் வந்துவிடும். றோட்டோரத்தில் அளந்து விற்பார்கள். மஞ்சளாக, விரல் நுனியளவு, தேன் மாதிரி இனிப்பு. நாலு பழத்துக்கு மேல் தின்றால் பால் உதட்டில் பசையாக ஒட்டும், தண்ணீரால் கழுவப் போகாது. தேங்காய் எண்ணெய் பூசித் துடையுங்கள்.

"சின்னப் பிள்ளைகள் இருக்கினம். பாசிக்குடாவில எப்பவும் அலை இல்லைத்தானே?"

யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் பிடித்து வருகிற குடும்பங்கள் கட்டாயம் கேட்பது. பாசிக்குடா வளைகுடாவைப் பவளப்பாறை மறித்து நிற்கிறது. தரையும் சரிவில்லாமல் வெகுதூரம் ஆழம் குறைவாகவே போகும். இடுப்பளவு தண்ணீரில் நடந்து நடந்து, கரையில் நிற்பவர் சின்னதாகத் தெரியும் தூரம் வரை போய்விடலாம். பிள்ளைகளுக்கு இலங்கையிலேயே இதைவிடத் தோதான கடல் கிடைப்பது கஷ்டம். ஆனால் இதெல்லாம் மார்ச் முதல் செப்டெம்பர் வரைக்குத்தான். வாடையில் பாறையைத் தாண்டியும் கடல் குழம்பும், தண்ணீர் கலங்கினால் காலடியில் என்ன கிடக்கிறதென்று தெரியாது. உடைந்த பவளத் துண்டு காலை வெட்டினால் புண் ஆற நாள் பிடிக்கும்.

பக்கத்துக் கல்குடாவையோ கல்லடியையோ இதே கணக்கில் எடுக்க வேண்டாம். கல்லடியில் கரை திடீரென்று சரியும், கோடையிலும் அலை கரையில் வந்து அடித்து இழுக்கும். உள்ளூர்ப் பெடியன்களே பார்த்துத்தான் இறங்குவார்கள்.

கோடையில் பாசிக்குடாவிலும் ஒரு ஆபத்து உண்டு. மேலே சொன்ன கச்சான் கடலை நோக்கி வீசுகிறதல்லவா, பிள்ளையைக் காற்றடித்த டியூப்பில் அல்லது பிளாஸ்டிக் வாத்தில் இருத்தி விட்டால் அது சத்தமில்லாமல் வெளியே போகும். அலை இல்லாததால் போவது கண்ணுக்குத் தெரியாது. டியூப்பில் ஒரு கயிறு கட்டி, மறு முனையைப் பெரிய ஆள் ஒருவர் பிடித்திருக்க வேண்டும். பின்னேரத்தில் காற்று எழும்பினால் டியூப்பையே வெளியே எடுத்துவிடுங்கள்.

"வத்து, பெருக்கு பார்த்து வரோணுமா?"

தேவையில்லை. எங்கள் கரையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீற்றருக்கும் குறைவு. காற்றைப் பாருங்கள், அது போதும்.

"அறுகம்பையும் பாசிக்குடாவும் ஒரே கரைதானே? ஒரே சீசன்தானே?"

மழைக் கணக்கு ஒன்றுதான், கடல் வேறு. பாசிக்குடாவுக்கு அலை இல்லாததால் ஆள் வருகிறது, அறுகம்பைக்கு அலை இருப்பதால் வருகிறது. தெற்குச் சமுத்திரத்தில் எங்கோ எழும்புகிற பேரலை ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை பொத்துவில் பக்கத்து முனைகளில் வந்து, கரையோடு ஒட்டி நீளமாகச் சுருண்டு உடையும். ஜூன், ஜூலை, ஓகஸ்ட் உச்சம். பழகின ஆட்களுக்கு அதுதான் காலம். புதிதாகப் பலகை பிடிக்கிறவர்கள் ஏப்ரல், மே, அல்லது செப்டெம்பர் முடிவில் வந்தால் அலையும் சிறிது, இடிபடவும் தேவையில்லை. எந்த மாதமானாலும் காலையில்தான் தண்ணீர் வழவழவென்று இருக்கும், பகலில் காற்று குழப்பிவிடும்.

அலையில் ஏறப் போவதில்லை, சும்மா குளிக்கத்தான் என்றால் ஓகஸ்டில் அறுகம்பைக்கு வந்து ஏமாற வேண்டாம். ரூம் விலை உச்சத்தில், கடலோ பிள்ளைகளுக்கு ஆகாது. நவம்பர் தொடங்கினால் பாதிக்கு மேல் கடைகள் பூட்டிவிடும். மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வழியே 100 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட, ஒரு நாள் போய்ப் பார்த்து வரலாம்.

"அறுகம்பைக்கு வந்தா குமண, லகுகலை எல்லாம் பார்க்கலாமா? யானை எப்ப நிக்கும்?"

குமண வனப்பூங்காவில் வில்லு என்கிற ஆழம் குறைந்த நீர்நிலையில் நீர்ப்பறவைகள் கூடு கட்டுவது சித்திரைக்குப் பிறகு, ஆடி வரை. யானைக்குக் கடும் கோடை நல்லது. காட்டுக்குள் தண்ணீர் வற்ற வற்ற லகுகலைக் குளத்துக்கு இறங்கும். மொனராகலையிலிருந்து பொத்துவில் வருகிற றோட்டு அதன் அருகால்தான் போகிறது. ஆகவே பொழுது பட்ட பிறகு மோட்டார் சைக்கிளில் அந்த வழி வர வேண்டாம்.

பாணமைக்கு அப்பால் உகந்தைமலை முருகன் கோவில் இருக்கிறது. கதிர்காம உற்சவத்துக்குக் கரையோரமாக நடந்து வருகிற பாதயாத்திரைக்காரர் அங்கே தங்கி, காட்டுப் பாதை திறந்ததும் குமணவுக்குள் இறங்குவார்கள். ஜூன், ஜூலைப் பக்கம் வரும், திகதி வருடத்துக்கு வருடம் மாறும். அந்த நாட்களில் உகந்தைக் கடற்கரை முழுக்க அரோகராதான். அமைதியான கரை தேடுகிறவர் அந்தக் கிழமையைத் தவிர்க்கலாம். நான் தவிர்க்கமாட்டேன்.

"சூரியன் கடல்ல இறங்குறதைப் பார்க்க எந்த மாதம் நல்லம்?"

சென்னையிலிருந்து வந்த ஒரு தம்பி கேட்டது, மெரினாவில் வளர்ந்த பிள்ளை! இங்கேயும் சூரியன் கடலில் ஏறும், தரையில் இறங்கும், எந்த மாதமானாலும். அதற்குப் பதிலாக மட்டக்களப்பு வாவிக் கரைக்குப் போங்கள், பின்னேரம் சூரியன் தண்ணீருக்கு மேல் இறங்கும்.

கடற்கரையில் பார்க்க வேண்டியது போயா எனும் பௌர்ணமி நாளில் சந்திரன் எழும்புவதை. சூரியன் பின்னால் போகிற அதே நேரத்தில் முன்னால் கடலிலிருந்து மஞ்சளாக ஏறும். மாரியில் முகில் மறைத்துவிடும், மார்ச் முதல் செப்டெம்பர் வரையிலான பறுவங்கள்தான் பார்க்கத்தக்கவை.

"பாடும் மீன் கேட்கவும் அந்த நாள்தானாமே?"

ஓம். மட்டக்களப்பு வாவிக்குள்ளிருந்து இரவில் வருகிற இசை போன்ற ஓசையைத்தான் பாடும் மீன் என்கிறோம். ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை, நிலா இரவில், காற்று அடங்கிய பிறகு, கல்லடிப் பாலத்துப் பக்கம். தோணியில் போய் எஞ்சினை நிறுத்தித் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறு முனையைக் காதில் வைக்க வேண்டும். பாடுவது மீனா, மட்டியா என்று எங்களுக்குள்ளேயே இன்னும் வழக்கு முடியவில்லை. எல்லாருக்கும் கேட்பதும் இல்லை. பாலத்து வாகனச் சத்தம் அடங்க நடுச்சாமம் ஆகும், பிள்ளைகளுக்கு நித்திரை வந்துவிடும்.

"சனம் குறைஞ்ச நேரம் எது? ரூம் எப்ப மலிவு?"

சித்திரைப் புத்தாண்டுக் கிழமை பாசிக்குடாவில் கால் வைக்க இடமிருக்காது. தெற்கிலிருந்தும் பஸ் பஸ்ஸாக வருவார்கள். வெசாக், நீண்ட வார இறுதிகள், ஓகஸ்டில் பாடசாலை விடுமுறையோடு வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்திறங்குகிற நாட்கள் எல்லாம் அப்படித்தான். ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் தீர்த்தமும் திருக்கோவில் சித்திரவேலாயுதர் தீர்த்தமும் வருவதால் கரை நெடுகச் சனம் நிறையும். அந்தக் கூட்டம் பார்க்க வேண்டிய கூட்டம், ஆனால் ரூம் முன்கூட்டியே போட வேண்டும்.

என்னைக் கேட்டால் மார்ச் கடைசி இரண்டு கிழமை. வயல் ஓரங்களில் பச்சை இன்னும் மிச்சமிருக்கும், கச்சான் தொடங்கியிருக்காது, கரைவலை இழுக்கத் தொடங்கியிருப்பார்கள். விடியக் கரையில் நின்றால் வலை ஏறும்போதே மீன் வாங்கலாம். விலையும் புத்தாண்டுக்குப் பிறகு இருப்பதை விடக் குறைவு. அடுத்தது செப்டெம்பர் கடைசி. வார நாளாகப் பார்த்து வாருங்கள்.

"நோன்பு காலத்தில வந்தா பகலில சாப்பாடு கிடைக்குமா?"

நல்ல கேள்வி, ஏனென்றால் இந்த வருடங்களில் முஸ்லிம்களின் றமழான் நோன்பு பெப்ரவரி, மார்ச்சில் வருகிறது. நான் மேலே புகழ்ந்த காலத்தோடு உரசும். வருடத்துக்குப் பத்து, பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். ஓட்டமாவடி, ஏறாவூர், காத்தான்குடி, பொத்துவில் பக்கம் பகலில் சாப்பாட்டுக் கடைகள் பூட்டியிருக்கும். ஹோட்டல்களிலும் வாழைச்சேனை, கல்லடிப் பக்கத்துத் தமிழ்க் கடைகளிலும் சாப்பிடலாம். நோன்பு திறந்த பிறகு காத்தான்குடிக்குப் போங்கள், அந்த நேரத்து நோன்புக் கஞ்சியும் தெருவும் வேறெந்த மாதத்திலும் கிடைக்காது. சாதாரண நாட்களிலும் வெள்ளி மத்தியானம் ஜும்ஆவுக்குக் கடை பூட்டுவார்கள் என்பதை ஞாபகம் வைத்திருங்கள்.

"ஒரே பயணத்தில ஹிக்கடுவையிலும் குளிச்சு பாசிக்குடாவிலும் குளிக்கேலுமா?"

மார்ச் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் வரை மட்டும் ஏலும். தெற்கில் பெருமழை மே மாதத்தில்தான் இறங்கும், எங்கள் பக்கம் அதற்குள் தெளிந்துவிடும். முதலில் தெற்கு, பிறகு கிழக்கு என்று வாருங்கள். கிழக்கு நாளாக நாளாக நன்றாகும், தெற்கு கெட்டுக்கொண்டு போகும். செப்டெம்பர், ஒக்டோபரில் இதைத் திருப்பிச் செய்யலாமே என்று கேட்பார்கள். அப்போது இரண்டு பக்கமும் அரைகுறை.

"ஏப்ரல் நல்லம் எண்டு சொன்னீங்க. வந்த மூணு நாளும் பின்னேரம் இடியும் மழையும்!"

இரண்டு பருவத்துக்கும் இடைப்பட்ட மாதங்களில் அப்படி நடக்கும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பகல் சூட்டில் முகில் கட்டி, பின்னேரம் இடியோடு ஒரு மணித்தியாலம் அடித்துவிட்டு ஓயும். நாட்கணக்கில் விட்டு விட்டுப் பெய்கிற மாரி இல்லை அது. காலைக் கடலை அது தொடுவதில்லை, தண்ணீரும் கலங்காது. மின்னல் தெரிந்ததும் கடலிலிருந்து ஏறிவிடுங்கள், தென்னைக்குக் கீழும் ஒதுங்க வேண்டாம்.

"நவம்பர் இருபதுக்கு பாசிக்குடாவில மூணு நாள் ரூம் போட்டாச்சு, காசும் கட்டியாச்சு. இப்ப என்ன செய்றது மாமா?"

முதலில் ஹோட்டலுக்கு ஃபோன் எடுத்துத் திகதி மாற்றக் கேளுங்கள். சீசன் இல்லாத நேரம் என்பதால் பெரும்பாலும் இணங்குவார்கள். புக்கிங் தளத்துக்கு எழுதிக்கொண்டிருப்பதை விட நேரே பேசுவது சுகம். மார்ச்சுக்கு மாற்றினால் கூடுதலாகக் கொஞ்சம் கேட்கலாம், கொடுத்துவிட்டு மாற்றுங்கள்.

மாற்ற முடியாதென்றால் மூன்று இரவை ஒன்றாகக் குறைத்து, மிச்சத்தை மட்டக்களப்பு டவுனில் கழியுங்கள். கோச்சியில் வருவதானால் புறப்பட முதல் நாள் ரயில் ஓடுகிறதா என்று விசாரியுங்கள், வெள்ளம் வந்தால் முதலில் நிற்பது அதுதான். குடை வேண்டாம், வாடைக்காற்றில் முறிந்துவிடும். மழைக்கோட்டும், நுளம்புக்குப் பூசுகிற எண்ணெயும், இரண்டு சோடி செருப்பும் கொண்டு வாருங்கள்.